பொது வானும் தனி வேலியும்: கம்பியற்ற வலையமைப்புச் சந்தையின் போட்டி பற்றி ஒரு நோக்கு

பல்கலைக்கழக நூலகத்தின் வாசிப்பு மண்டபத்திலோ மருத்துவமனையொன்றின் நீண்ட விறாந்தையிலோ நடந்து செல்பவர் தலையை நிமிர்த்தி உட்கூரையைப் பார்ப்பது அரிது. பார்ப்பாராயின், உணவுத் தட்டளவான வெள்ளைப் பெட்டியொன்று சின்னஞ்சிறு விளக்கொன்றுடன் அங்கே ஒட்டிக்கொண்டிருப்பதைக் காண்பார். அணுகற்புள்ளி என்பது அதன் பெயர். கீழே இருப்போரின் கைத்தொலைபேசிகளும் மடிக்கணினிகளும் அதனோடு வானொலி அலைகளாற் பேசுகின்றன. அது அப்பேச்சைக் கம்பி வழியே வெளியுலகுக்கு அனுப்புகின்றது. அப்பெட்டியைச் செய்த கம்பனி எது என்பது கீழே இருப்பவருக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. எந்தக் கம்பனியின் தொலைபேசியும் எந்தக் கம்பனியின் பெட்டியோடும் பேசும்.

அதே பெட்டியை விலைகொடுத்து வாங்கிய நிறுவனத்தின் நிலை வேறு. ஒரு கம்பனியிடம் முந்நூறு பெட்டிகளை வாங்கிய நிறுவனம் முந்நூற்றோராவது பெட்டியையும் பெரும்பாலும் அதே கம்பனியிடமே வாங்க நேர்கின்றது. கீழே இருப்பவருக்குக் கிடைத்த சுதந்திரம் வாங்கியவருக்கு ஏன் கிட்டவில்லை? கம்பியற்ற வலையமைப்புக் கருவிகளை விற்கும் கம்பனிகளுக்கிடையே கடும் போட்டி நிலவுவதாகச் சொல்லப்படுகின்றது. அது பொய்யன்று. ஆயின் அப்போட்டி எந்த இடத்தில் நிகழ்கின்றது, எந்த இடத்தில் நின்றுவிடுகின்றது என்பதை ஆராய்ந்தாலன்றி மேற்சொன்ன வினாவுக்கு விடை காண்டல் இயலாது.

இவ்வணிகத்தின் வேர்கள் வணிகத்தில் இல்லை. 1971 ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சனும் அவருடைய குழுவினரும், கடலாற் பிரிந்த தீவுகளில் இருந்த முனையங்களை ஹொனலூலுவில் இருந்த கணினியோடு வானொலி அலைகளால் இணைத்தனர். அலோகா என்று பெயர் பெற்ற அவ்வலையமைப்பில், பலர் ஒரே அலைவரிசையை முறைவைக்காமலே பகிர்ந்துகொள்ளலாம் என்பதும், இருவர் பேச்சு மோதினால் சற்றுப் பொறுத்து மீண்டும் பேசலாம் என்பதும் முதன்முதலாக நிறுவப்பட்டன. பின்னர் 1985 இல் ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு, அடுப்புகளும் தொழிற்சாலைக் கருவிகளும் இரைச்சலால் நிறைத்துவைத்திருந்த மூன்று மீடிறன் பட்டைகளை, தனித்தனி அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் தொடர்பாடலுக்குப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஆணைக்குழுவின் பொறியியலாளர் மைக்கேல் மார்க்கஸ் இதற்கு முன்னின்று உழைத்தவர். ஒருவரும் விரும்பாத புறம்போக்கு நிலத்தை ஊருக்குப் பொது மேய்ச்சற்றரையாக விட்டதற்கு ஒப்பான செயல் அது. பிற்காலத்தில் உலகமெங்கும் விரிந்த வணிகம் அனைத்தும் அப்பொதுத் தரையிலேயே முளைத்தது.

தரை பொதுவானாற் போதாது, மொழியும் பொதுவாதல் வேண்டும். காசுப்பதிவு இயந்திரங்கள் செய்த என்.சி.ஆர். கம்பனி, கடையின் அமைப்பை மாற்றும்போதெல்லாம் கம்பிகளைப் பிடுங்கி நடவேண்டியிருந்த தொல்லையைத் தீர்க்க வழி தேடியது. நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரை அடுத்திருந்த அதன் பொறியியல் நிலையம் அப்பணியை ஏற்றது. அங்கே பணிபுரிந்த விக் ஹேய்ஸ், தமது கம்பனி மட்டும் பேசும் மொழி ஒன்றை ஆக்குவதினும் எல்லாருக்கும் உரிய நியமம் ஒன்றை ஆக்குவதே நன்று என்ற நெறியில், 1990 இல் தொடங்கிய ஐ.ஈ.ஈ.ஈ. 802.11 குழுவுக்குத் தலைவராகிப் பத்தாண்டுகள் அதனை நடத்தினார். போட்டிக் கம்பனிகளின் பொறியியலாளர் ஒரே மேசையில் இருந்து வாதிட்டு வாக்களித்து, 1997 இல் முதலாவது நியமத்தை வெளியிட்டனர். அது செக்கனுக்கு 2 மெகாபிற் வேகத்தையே தந்தது. 1999 இல் வெளிவந்த அடுத்த நியமங்களுள் ஒன்று அதனை 11 ஆக உயர்த்தியது. அவுஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமாகிய சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில், வானொலி வானியலில் ஈடுபட்டிருந்த ஜோன் ஓசல்லிவனும் அவர்தம் குழுவினரும் 1990களின் தொடக்கத்தில் கண்ட ஒரு முறையும் பிந்திய நியமங்களுள் இடம்பெற்றது. இங்கே ஒன்றை மறைத்தல் ஆகாது. பொதுப் பணத்தில் விளைந்த அந்த அறிவுக்கும் காப்புரிமை என்னும் வேலி இருந்தது. அந்நிறுவனம் பல கம்பனிகள் மீது வழக்குத் தொடுத்து, 400 மில்லியன் அவுஸ்திரேலிய டொலருக்கும் மேற்பட்ட தொகையைப் பெற்றது. வேலி கட்டுவது தனியார் மட்டுமே அறிந்த கலை என்று எவரும் எண்ணிவிட வேண்டியதில்லை.

நியமம் எழுதப்பட்ட பின்னும் ஒரு குறை எஞ்சியது. நியமத்தின் சொற்களைக் கம்பனிகள் வெவ்வேறாகப் பொருள்கொண்டமையால் ஒருவர் அட்டை மற்றொருவர் பெட்டியோடு பேச மறுத்தது. இக்குறையைத் தீர்ப்பதற்காக 1999 இல் ஆறு கம்பனிகள் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. கருவிகளை ஒன்றோடொன்று பேசவைத்துச் சோதித்து, தேறியவற்றுக்கு முத்திரை வழங்குவதே அதன் பணி. அந்த முத்திரைக்கு இடப்பட்ட பெயர்தான் வைஃபை. தம்முட் போட்டியிடுவோர், தம் பொருள்கள் தம்முட் பேசவேண்டும் என்று ஒப்புக்கொண்டமை இவ்வரலாற்றின் சிறப்பான திருப்பம் எனலாம். அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. அட்டைகளின் விலை சரிந்தது. சில ஆண்டுகளில் மடிக்கணினி என்றாலே கம்பியற்ற இணைப்பு உள்ளடங்கியது என்ற நிலை வந்தது. சாதாரண மனிதன் தலைநிமிர்ந்து பெட்டியின் பெயரைப் பார்க்க வேண்டாத சுதந்திரம் இவ்வாறு வந்ததே.

இனி, பெரும் நிறுவனங்களின் கதைக்கு வருதல் பொருந்தும். வீட்டுக்கு ஒரு பெட்டி போதும். ஆயிரம் படுக்கைகளைக் கொண்ட மருத்துவமனைக்கோ பல மாடிக் கட்டடங்களைக் கொண்ட பல்கலைக்கழகத்துக்கோ நூற்றுக்கணக்கிற் பெட்டிகள் வேண்டும். எண்ணிக்கை பெருகும்போது சிக்கலின் தன்மையே மாறிவிடுகின்றது. 2.4 கிகாகேட்சுப் பட்டையில் ஒன்றோடொன்று மோதாமல் இயங்கக்கூடிய அலைவரிசைகள் நடைமுறையில் மூன்றே. அடுத்தடுத்த இரு பெட்டிகள் ஒரே அலைவரிசையிற் பேசினால், ஒரே வகுப்பறையில் இரு ஆசிரியர் ஒருங்கே பாடம் நடத்துவது போலாகும். ஒரு பெட்டி உரத்துப் பேசினால் பக்கத்துப் பெட்டி தாழ்ந்து பேசவேண்டும். ஒன்று பழுதடைந்தால் அயலிலுள்ளவை குரலை உயர்த்தி அவ்விடத்தை நிரப்பவேண்டும். மருத்துவத்தாதி ஒருவர் கருவியைக் கையில் ஏந்தி ஒரு விடுதியிலிருந்து மறு விடுதிக்கு நடக்கையில், அவருடைய இணைப்பு ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு அறுபடாமற் கைமாற வேண்டும். இவற்றையெல்லாம் பெட்டிகள் தாமாகவே தனித்து நின்று தீர்மானித்தல் கடினம். எல்லாவற்றையும் ஒருங்கே பார்க்கும் மூளை ஒன்று அவற்றுக்குத் தேவைப்பட்டது.

2001 ஆம் ஆண்டு அத்தேவையை மேலும் உணர்த்தியது. அப்போதைய மறையாக்க முறையை எளிதில் உடைக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் காட்டவே, தத்தம் கட்டடங்களில் தனித்தனியே மாட்டப்பட்ட பெட்டிகள் எத்தனை திறந்த கதவுகளாக இருக்கின்றன என்று நிறுவனங்கள் அஞ்சின. அடுத்த ஆண்டளவில் புதுக் கம்பனிகள் திரளாகத் தோன்றின. எயார்ஸ்பேஸ், அரூபா, ட்ரப்பீஸ், மேரு முதலியன அவ்வலையிற் பிறந்தவை. பழைய கம்பனியாகிய சிம்பல் 2002 இற் காட்டிய வழியும் இவற்றின் வழியும் பெரும்பாலும் ஒன்றே: பெட்டியிலுள்ள அறிவைக் குறைத்து, கட்டடத்தின் ஓர் அறையில் கட்டுப்படுத்தி என்னும் தனிக் கருவியை வைத்து, அறிவையெல்லாம் அதனுள் சேர்த்தல். உட்கூரைப் பெட்டி கையாயிற்று; கட்டுப்படுத்தி தலையாயிற்று. பொறியியல் நோக்கில் இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. முந்நூறு பெட்டிகளுக்கு முந்நூறு முறை ஏறி இறங்கியவர் இனி ஓரிடத்தில் இருந்தே ஆணையிடலாம்.

வேலி எழுந்த இடமும் இதுவே. பெட்டிக்கும் தொலைபேசிக்கும் இடையிலான மொழியை 802.11 நியமம் வகுத்தது. பெட்டிக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையிலான மொழியை அது வகுக்கவில்லை. நியமம் எழுதப்பட்ட காலத்தில் கட்டுப்படுத்தி என்ற கருவியே இருக்கவில்லை அல்லவா? அந்த வெற்றிடத்தை ஒவ்வொரு கம்பனியும் தன் சொந்த மொழியால் நிரப்பியது. எனவே, அரூபாவின் பெட்டி சிஸ்கோவின் கட்டுப்படுத்திக்குப் பணியாது. சிஸ்கோவின் பெட்டி அரூபாவுக்குப் பணியாது. உட்கூரைக்குக் கீழே பொது நியமம் நடந்தது. உட்கூரைக்கு மேலே அவ்வக் கம்பனியின் தனிச் சட்டம் நடந்தது.

இதனை மாற்றுதற்கு ஒரு முயற்சி நடந்ததும் குறிப்பிடத்தக்கது. இணையத்தின் பொது மொழிகளை வகுக்கும் இணையப் பொறியியற் செயலணி, பெட்டிக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையே பொது மொழியொன்றை ஆக்க முனைந்தது. எயார்ஸ்பேஸ் முன்வைத்த மொழியொன்றை அடிப்படையாகக் கொண்டு, கப்வப் என்னும் நியமத்தை 2009 இல் வெளியிட்டது. எந்தப் பெட்டியும் எந்தக் கட்டுப்படுத்திக்கும் பணியும் என்பதே அதன் நோக்கம். நியமம் பிறந்தது, நோக்கம் நிறைவேறவில்லை. சில கம்பனிகள் அம்மொழியின் இலக்கணத்தை ஏற்றுக்கொண்டு, முக்கியமான சொற்களையெல்லாம் தம் சொந்த அகராதியிலிருந்து எடுத்தாண்டன. வேறு சில அதனைத் திரும்பியும் பார்க்கவில்லை. 1999 இல் ஒன்றுகூடி முத்திரை கண்ட கம்பனிகளின் உலகம் பத்தாண்டுகளின் பின் ஏன் இவ்வாறு நடந்துகொண்டது? விடை எளிது. 1999 இற் சந்தையே இருக்கவில்லை. சந்தையை உண்டாக்குவதற்குப் பொது மொழி தேவைப்பட்டது. 2009 இற் சந்தை இருந்தது. அதிற் பெற்ற பங்கைக் காப்பதற்குப் பொது மொழி இடையூறாயிற்று. திறந்த நியமத்தின்பால் வணிகம் கொள்ளும் அன்பு பெரும்பாலும் இத்தகையதே. சந்தைக்குள் நுழையக் காத்திருப்பவன் அதனைப் புகழ்வான்; நுழைந்து நிலைத்தவன் மறந்துபோவான்.

இதன் விளைவை வாங்குபவர் பக்கத்திலிருந்து நோக்குதல் வேண்டும். பல்கலைக்கழகமொன்று விலைமனுக் கோருவதாகக் கொள்வோம். நான்கு கம்பனிகள் வருகின்றன. ஒன்று விலையைக் குறைக்கின்றது. அடுத்தது அதனினும் குறைக்கின்றது. மூன்றாவது கட்டுப்படுத்தியை இலவசமாகத் தருவதாகச் சொல்கின்றது. பொருளியற் பாடநூலிற் காணும் போட்டி அன்று அம்மண்டபத்தில் உயிரோடு நடமாடும். ஒப்பந்தம் கைச்சாத்தானதும் ஏனைய மூவரும் போய்விடுகின்றனர். அடுத்த ஆண்டு புதிய விடுதிக் கட்டடம் எழுகின்றது. இருபது பெட்டிகள் வேண்டும். இம்முறை வருவது ஒரே கம்பனி. வேறொருவரிடம் வாங்கினால் அவருடைய கட்டுப்படுத்தியையும் வாங்கவேண்டும். இரண்டு முறைமைகளைப் பராமரிக்க இரு மடங்கு பயிற்சி வேண்டும். பழைய கட்டடத்திலிருந்து புதிய கட்டடத்துக்கு நடப்பவரின் இணைப்பு வழியில் அறுபடவுங்கூடும். வலையமைப்பைப் பராமரிக்கும் உத்தியோகத்தர் எத்தனை நேர்மையானவராயினும் பழைய கம்பனியையே சிபாரிசு செய்வார். அவருடைய நிலையில் அதுவே அறிவுடைமை. ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, எல்லாப் பெட்டிகளும் பழசாகி ஒருங்கே கழிக்கப்படும் வேளையில் மட்டும், மீண்டும் நான்கு கம்பனிகள் வாயிலில் நிற்கும். இடைப்பட்ட காலம் முழுவதும் போட்டிக்கு விடுமுறை.

இத்தகைய சந்தையிற் கம்பனியின் பெறுமதி அது செய்யும் பெட்டியில் மட்டும் தங்கியிருப்பதில்லை. அதன் வேலிக்குள் இருக்கும் வாடிக்கையாளரின் தொகையிலும் தங்கியுள்ளது. ஆகவே, போட்டியாளனை வெல்லுதற்கு எளிய வழி அவனை வேலியோடு சேர்த்து வாங்கிவிடுதலாகும். சிஸ்கோ இவ்வழியைத் தொடக்கத்திலேயே கண்டது. 1999 இல் ஒஹையோ மாநிலத்து எயாரொனெற் கம்பனியைச் சுமார் 800 மில்லியன் டொலருக்கும், 2005 இல் எயார்ஸ்பேஸை 450 மில்லியனுக்கும், 2012 இல் மெராக்கியை 1.2 பில்லியனுக்கும் வாங்க உடன்பட்டது. ஹியூலெற் பக்கார்ட் 2015 இல் அரூபாவை ஏறத்தாழ 3 பில்லியன் டொலருக்கு வாங்கியது. அவ்வாண்டு அக்கம்பனி இரண்டாகப் பிரிந்தபோது, அரூபா ஹியூலெற் பக்கார்ட் என்ரபிரைஸ் என்னும் கூற்றுக்குச் சென்றது. அதே ஆண்டில் மேருவை ஃபோர்ட்டினெற் வாங்கியது. ட்ரப்பீஸ் 2008 இல் பெல்டனிடமும் 2010 இல் ஜூனிப்பரிடமும் போனது. சிம்பலின் வணிகம் 2007 இல் மோட்டரோலாவுக்கும், 2014 இல் சீப்ராவுக்கும், 2016 இல் எக்ஸ்ட்ரீமுக்கும் கைமாறியது. ரக்கஸ் என்னும் கம்பனியை 2016 இல் புரோகேட் வாங்க, 2017 இல் ஆரிஸ் வாங்க, 2019 இல் ஆரிஸையே கொம்ஸ்கோப் வாங்கியது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் கம்பனிகள் தத்தம் எதிர்காலத்தைப் பற்றிப் பேசின. வேலிக்குள் நின்ற வாடிக்கையாளருக்கோ தம் எசமானரின் பெயர்ப்பலகை மாறியது மட்டுமே தெரிந்தது.

மெராக்கியோடு வந்த மற்றொரு மாற்றமும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. மசாச்சூசெற்ஸ் தொழினுட்பக் கல்வி நிறுவனத்தின் ஆராய்ச்சித் திட்டமொன்றிலிருந்து 2006 இற் பிறந்த அக்கம்பனி, கட்டுப்படுத்தியைக் கட்டடத்தின் அறையிலிருந்து அகற்றி, இணையத்தின் வழியே தொலைவிலுள்ள தன் கணினிகளுக்குக் கொண்டுபோயிற்று. பராமரிப்பு எளிதாயிற்று, சிறிய அலுவலகங்களும் பெரிய வலையமைப்புகளை ஆளலாம் என்றாயிற்று. ஆயின், தலை தன் அறையில் இருந்த காலத்தில் நிறுவனம் அதனை ஒருமுறை வாங்கியது; தலை தொலைவுக்குப் போனபின் அதற்கு ஆண்டுதோறும் சந்தா கட்டலாயிற்று. மெராக்கி நெடுங்காலம் கைக்கொண்ட விதியின்படி, சந்தா முடிந்து 30 நாள் தவணையும் கழிந்தால் வலையமைப்பு இயங்காது. விலைகொடுத்து வாங்கிய பெட்டி உட்கூரையில் இருக்கும், விளக்கு அணையும். வாங்குதல் என்ற சொல்லின் பொருள் இவ்விடத்தில் வாடகையை நோக்கி நகர்ந்துவிட்டது என்பதை உணர்தல் கடினமன்று.

இவ்வளவும் சொன்னபின், போட்டியே பயனற்றது என்ற முடிவுக்கு வருதல் பெருந்தவறாகும். மிஸ்ட் என்னும் கம்பனியின் கதை அதற்குச் சான்று. எயார்ஸ்பேஸை நிறுவியவர்களுள் ஒருவராகிய பொப் ஃபிரைடே, 2005 இற் கம்பனியோடு சிஸ்கோவுக்குச் சென்றவர். அவரும், சிஸ்கோவில் உயர்பதவி வகித்த சுஜய் ஹஜேலாவும் வெளியேறி, 2014 இல் மிஸ்டை நிறுவினர். வலையமைப்பு ஏன் மந்தமாயிற்று என்று மனிதர் தேடியலைவதற்குப் பதிலாக, ஒவ்வொரு பயனாளரின் இணைப்பிலிருந்தும் தரவுகளைத் திரட்டிக் கணினியே காரணத்தைக் கண்டுசொல்லும் முறையை அவர்கள் முன்வைத்தனர். 2019 இல் ஜூனிப்பர் 405 மில்லியன் டொலருக்கு மிஸ்டை வாங்கி, பெரிய கம்பனிகளோடு நேர்நின்று மோதியது. ஏழாண்டுக்கு ஒருமுறை திறக்கும் அந்த வாயிலிற் புதியதொருவர் நின்றமையாற் பழையவர்கள் விலையைக் குறைக்கவும் தம் பொருளைத் திருத்தவும் வேண்டியதாயிற்று.

இதனைச் சொன்னது ஐக்கிய அமெரிக்காவின் நீதித் திணைக்களமே. 2024 சனவரியில், ஹியூலெற் பக்கார்ட் என்ரபிரைஸ் ஏறத்தாழ 14 பில்லியன் டொலருக்கு ஜூனிப்பரை வாங்கப்போவதாக அறிவித்தது. 2025 சனவரி 30 ஆம் நாள் நீதித் திணைக்களம் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. போட்டியைக் கணிசமாகக் குறைக்கக்கூடிய கொள்வனவுகளைத் தடைசெய்யும் 1914 ஆம் ஆண்டின் கிளேற்றன் சட்டமே அவ்வழக்கின் அடிப்படை. அமெரிக்காவின் நிறுவனமட்டக் கம்பியற்ற வலையமைப்புச் சந்தையில் இரண்டாம் இடத்தவர் மூன்றாம் இடத்தவரை வாங்குகின்றார்; வாங்கியபின் அவரும் முதலிடத்துச் சிஸ்கோவுமாக 70 வீதத்துக்கும் மேற்பட்ட சந்தையைக் கைக்கொள்வர்; மிஸ்டின் நெருக்குதலாற் பெரும் விலைக்கழிவு வழங்க நேர்ந்த கம்பனி, அந்நெருக்குதலையே விலைக்கு வாங்க முனைகின்றது என்பன முறைப்பாட்டின் சாரம். கம்பனிகள் இதனை மறுத்தன. சந்தையில் வேறு விற்பனையாளரும் பலர் உளர் என்றும், இருவரும் இணைந்தாற்றான் சிஸ்கோ என்னும் பெருமரத்தோடு போட்டியிடமுடியும் என்றும் வாதிட்டன.

வழக்கு விசாரணைக்கு வரவிருந்த தறுவாயில், 2025 யூன் இறுதியில், இரு தரப்பும் இணக்கம் கண்டன. சிறு நிறுவனங்களுக்குரிய தன் இன்ஸ்டன்ற் ஒன் என்னும் வணிகத்தை ஹியூலெற் பக்கார்ட் என்ரபிரைஸ் விற்கவேண்டும். மிஸ்டின் வலையமைப்பு மேலாண்மைக்கு அடிப்படையான மென்பொருளின் மூலநிரலைப் பயன்படுத்தும் உரிமையைப் போட்டிக் கம்பனிக்கு வழங்கவேண்டும். இவையே முக்கிய நிபந்தனைகள். யூலை 2 ஆம் நாள் கொள்வனவு நிறைவேறியது. இத்தீர்வு போதாது என்று சில மாநிலங்களின் சட்டமா அதிபர்கள் நீதிமன்றத்தில் ஆட்சேபித்தனர். எயார்ஸ்பேஸை நிறுவியவர் சிஸ்கோவிலிருந்து வெளியேறி உண்டாக்கிய போட்டி, இருபதாண்டு கழிந்து, இரண்டாம் பெருங்கம்பனியின் உடைமையாயிற்று.

இந்த வழக்கிற் கேட்கப்பட்ட வினா, விற்பவர் எத்தனை பேர் என்பது. மூவர் இருவராவது தீது என்று திணைக்களம் சொன்னதில் நியாயம் உண்டு. எனினும் அதனோடு சேர்த்துக் கேட்கவேண்டிய வினா இன்னொன்று: வாங்கியவர் எத்தனை எளிதாக விலகலாம்? விலகும் வழி அடைபட்டிருந்தால், விற்பவர் எழுவராயினும் அவர்களுக்கிடையே போட்டி திருமணநாள் வரைக்குமே. விலகும் வழி திறந்திருந்தால், இருவராயினும் ஒருவரையொருவர் நாள்தோறும் அஞ்சுவர். இந்நோக்கில் அத்தீர்வின் இரண்டாம் நிபந்தனை சிந்தனைக்குரியது. மூலநிரலைப் பிறருக்கும் வழங்குக என்பது, வேலியின் ஒரு கதியாலையாவது அசைத்துப் பார்க்கும் செயல். ஆயின் அதன் பயன் இன்னொரு விற்பனையாளனுக்கு. அவனும் அந்நிரலைக் கொண்டு தன் வேலியைக் கட்டலாம். பெட்டியும் மேலாண்மையும் பொது மொழியிற் பேசவேண்டும் என்ற கட்டளையை அத்தீர்வு விதிக்கவில்லை.

இதற்கு மறுப்பாகப் பொறியியலாளர் சொல்வது புறக்கணிக்கத்தக்கதன்று. பெட்டியும் தலையும் ஒரே கையாற் செய்யப்பட்டால் அவை நன்கு இயைந்து இயங்கும். பழுது நேர்ந்தாற் பொறுப்பேற்க ஒருவர் இருப்பார். நியமக் குழுவின் மெதுவான நடைக்குக் காத்திராமற் புதியன புகுத்தலாம். மிஸ்டின் முறையே, தன் பெட்டிகள் என்ன சொல்லும் என்பதைத் தானே தீர்மானித்ததாலன்றோ இயன்றது? இது உண்மை. ஆனால் இதே வாதத்தை 1990 இல் விக் ஹேய்ஸின் கம்பனியும் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தொலைபேசிக்கும் பெட்டிக்கும் இடையேயும் வேலியே இருந்திருக்கும். அன்று மெதுவான வழியைத் தெரிந்தமையாற்றான் பின்வந்த விரைவெல்லாம் இயன்றது.

வேலியைத் தாண்டும் முயற்சிகள் இல்லாமலில்லை. யூபிக்குவிற்றி என்னும் கம்பனி 2010 இல் யூனிஃபை என்ற பெயரிற் குறைந்த விலைப் பெட்டிகளை, கட்டுப்படுத்தி மென்பொருளுக்குப் பணம் அறவிடாமல் விற்கத் தொடங்கியது. சந்தாவின் சுமை தாங்காத நிறுவனங்களுக்கு அது பெரும் ஆறுதல். எனினும் அதன் பெட்டியும் அதன் மென்பொருளுக்கே பணிவது. வேலியின் உயரம் குறைந்ததேயன்றி வேலி இல்லாமற் போகவில்லை. 2021 இல் தொலைத்தொடர்பு உட்கட்டமைப்புத் திட்டம் என்னும் கூட்டமைப்பு தொடங்கிய ஓப்பின்வைஃபை வேறு வழி சென்றது. பெட்டியின் மென்பொருளும் மேலாண்மை மென்பொருளும் எவரும் பார்க்கவும் திருத்தவும் கூடியவாறு திறந்திருக்க, பெட்டிகளைப் பல கம்பனிகள் செய்யலாம் என்பது அதன் நோக்கு. கப்வப் எழுதியவர்கள் காண விழைந்த காட்சி அதுவே. பெருங்கம்பனிகளின் வாடிக்கையாளரை அது ஈர்க்குமா என்பது, வாங்குவோர் தம் விலைமனுவிற் குறைந்த விலையை மட்டும் கேட்கின்றனரா, விலகும் வழியையும் கேட்கின்றனரா என்பதில் தங்கியுள்ளது. 2020 இல் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு 6 கிகாகேட்சுப் பட்டையில் 1200 மெகாகேட்சை அனுமதிப்பத்திரமின்றித் திறந்துவிட்டபோது பொதுத் தரை மேலும் அகன்றது. அப்புதுத் தரையைப் பயன்படுத்தப் புதுப் பெட்டிகள் வேண்டும். பழைய பெட்டிகள் கழிக்கப்படும். வாயில் திறக்கும் அந்த வேளையிலேயே வாங்குபவரின் குரலுக்கு வலிமை உண்டு. கைச்சாத்தான மறுநாள் அது இல்லை.

பொது மொழி என்ன செய்யவல்லது என்பதைப் பல்கலைக்கழகங்கள் தம் அனுபவத்திலேயே அறியும். எடுரோம் என்னும் ஏற்பாடு 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கல்வி வலையமைப்புகளிடையே பிறந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் மற்றொரு பல்கலைக்கழகத்துக்குச் சென்றால், தம் சொந்தப் பெயரோடும் கடவுச்சொல்லோடும் அங்குள்ள கம்பியற்ற வலையமைப்பில் இணையலாம். இலங்கைப் பல்கலைக்கழகங்களும் லேர்ன் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் வழியே அதிற் சேர்ந்துள்ளன. இங்கிருந்து யூட்ரெக்ட் நகருக்குச் செல்லும் மாணவி ஒருத்தி, முன்னொருநாள் காசுப்பதிவு இயந்திரங்களுக்காக இந்த நியமத்தின் விதை ஊன்றப்பட்ட அந்த மண்ணில், பையிலிருந்து தொலைபேசியை எடுக்குமுன்னரே அது இணைந்துவிட்டிருக்கும். உட்கூரையில் இருப்பது எந்தக் கம்பனியின் பெட்டி என்று அவளுடைய தொலைபேசி கேட்பதில்லை. எவருடைய வேலியும் அவளைத் தடுப்பதில்லை. ஏனெனில், அங்கே வேலி எழுமுன் சிலர் ஒரு மேசையில் இருந்து பொது மொழியை எழுதிவைத்தனர்.

அம்மாணவிக்குக் கிடைத்த உரிமையை அவளுக்காகப் பெட்டி வாங்கும் பல்கலைக்கழகமும் கேட்கலாம். கேட்கவேண்டிய நாள் விலைமனு எழுதப்படும் நாள்.